“தந்தி மாட்டுற வேலைக்கா 13 வருஷம் வயலின் படிச்சா?”

சார், போன சனிக்கிழமை வேலை பற்றி ஆலோசனை கேட்க என்னிடம் வந்தபோது, மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். பி.காம். கடைசி வருஷம், 13 வருஷ வயலின், இப்போது ஒரு இசைக்கருவிக் கடையில் வேலைக்குச் சேர்கிறேன் என்று நிற்கிறாள். அடுத்தவர் காத்திருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதி இதோ.

மேடையை முதலில் முடித்துவிடுவோம், அது நீங்களே அறிந்த கதை. சென்னையில் பக்கவாத்தியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான். டிசம்பரில் ஒரே நாளில் இரண்டு சபாவுக்கு ஓடுகிற பெண், ஆடி மாதம் கல்யாணக் கச்சேரியும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஒரு காலத்தில் கோடம்பாக்கம் ரெக்கார்டிங்குகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த நாற்காலிகள் பலவற்றைக் கீபோர்டு எடுத்துக்கொண்டது. வானொலி நிலைய ஆடிஷனில் பி கிரேடு வாங்குவது கௌரவம், அதற்கு அவள் முயலட்டும். ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் தவிர, மாதச் செலவுக்கு மற்றவர்கள் இன்னொரு வேலை வைத்திருக்கிறார்கள்: வங்கி, பள்ளிக்கூடம், விடியற்காலையில் அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. உங்கள் மகளின் இன்னொரு வேலையும் வயலினிலேயே இருக்கப்போகிறது, அவ்வளவுதான்.

சரி, அந்தத் ‘தந்தி மாட்டுற’ வேலைக்கு வருவோம். வயலினுக்குள்ளே, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான பிரிட்ஜின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், பென்சில் பருமனுக்கும் குறைவாக ஒரு குச்சி நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் என்பார்கள். அதற்குப் பசை கிடையாது. தந்திகளின் இழுவிசை மேல் பலகையை அழுத்துவதால் நிற்கிறது. துடைக்கிறேன் பேர்வழி என்று யாராவது நான்கு தந்தியையும் ஒரே சமயத்தில் கழற்றினால் ‘டொக்’கென்று உள்ளே விழும். எஸ் வடிவத்தில் வளைந்த ஒரு கம்பியின் நுனியில் அதைக் குத்தி, மேல் பலகைத் துளை வழியே நுழைத்து, திரும்பவும் நிறுத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளினாலே நாதம் மாறும். சரியான இடத்தில் நிற்கிறதா என்று எந்த அளவுகோலும் சொல்லாது, காதுதான் சொல்லும். நீங்கள் 13 வருஷம் செலவு செய்தது அந்தக் காதுக்குத்தான்.

கர்நாடக வாசிப்பில் இது இன்னும் நுணுக்கம். வயலின் நம் சங்கீதத்துக்கு வந்தே சுமார் 200 வருஷம்தான் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்தச் சென்னைப் பக்கத்தில்தான் அதைக் கற்றார். நாம் கருவியை அப்படியே வைத்துக்கொண்டு சுருதியை மாற்றிவிட்டோம். மேற்கில் ஜி, டி, ஏ, ஈ என்று நான்கும் நான்கு ஸ்வரம். நமக்குச் ச-ப-ச-ப, அதுவும் பாடகர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இன்று தாழ்ந்த 1 கட்டைச் சுருதி, நாளை உயர்ந்த 5 கட்டை. இறக்கினால் தந்தி தொளதொளக்கும், ஏற்றினால் தந்தியை முறுக்கும் பிருடை நழுவும், அடிக்கடி திருகினால் பிரிட்ஜ் முன்பக்கம் சாயும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு விரல் வழுக்கிப் போக வேண்டும், தந்தி உயரமாக நின்றால் போகாது. இதெல்லாம் வாசிக்கத் தெரியாத மெக்கானிக்குக்கு வாயால் விளக்கினால் பாதிதான் புரியும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் நாலு வருஷம் வயலின் படித்துப் பாதியில் விட்டவன்தான். ஒரு மழைக்காலத்தில் என் வயலினின் மேல் பலகை ஓரத்தில் பிரிந்தது. வயலினை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் ஒரு பசையால் ஒட்டுவார்கள். ஈரமும் சூடும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும். பலகை பிளப்பதற்குப் பதில் ஒட்டு பிரியட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. நான் கொடுத்த கடைக்காரர் தச்சுவேலைக்கு ஊற்றும் வெள்ளைப் பசையை ஊற்றி இறுக்கிவிட்டார். அடுத்த கோடையில் ஒட்டு அசையவில்லை, நடுப்பலகை நீளவாக்கில் விரிந்தது. இந்தக் கடற்கரை ஊரில், ஏசி அறைக்கும் வெளிப்புழுக்கத்துக்குமாக அலைகிற வயலின்கள் எத்தனை, பொறுப்பான கைகள் எத்தனை என்று நீங்களே யோசியுங்கள்.

கடையில் முதல் வருஷம் அவளுக்குப் பெரும்பாலும் கவுன்டர்தான், மறைக்க மாட்டேன். விஜயதசமியை ஒட்டிப் பெற்றோர் கூட்டம். பிள்ளையின் கை நீளம் பார்த்துக் கால், அரை, முக்கால், முழு என்று அளவு சொல்ல வேண்டும். சீனாவிலிருந்து பெட்டியில் வரும் மலிவு வயலின்கள் அப்படியே வாசிக்க லாயக்காக இருப்பது அபூர்வம். பிரிட்ஜ் தடிமனாக, தந்தி எட்டாத உயரத்தில் இருக்கும். அதைச் செதுக்கி, பிருடையைத் துளைக்குப் பொருத்தி, வாசித்துப் பார்த்துக் கொடுப்பதற்கு ‘செட்டப்’ என்று பெயர். வில்லுக்குக் குதிரை முடி மாற்றுவது, வயலினிலேயே ஒட்டிக்கொள்ளும் கான்டாக்ட் மைக் பொருத்துவது எல்லாம் அப்புறம். மார்கழிக்கு முந்தைய இரண்டு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது.

பி.காமை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். இறக்குமதி, ஜிஎஸ்டி, கணக்கு தெரிந்த வயலின்காரர் இந்தத் தொழிலில் அபூர்வம். நல்ல வில் செய்கிற பெர்னம்புகோ மரம் 2007 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்தக் காகிதங்களைப் படிக்கிறவளுக்குக் கொள்முதல் பக்கம் போக வழி உண்டு. இத்தாலியின் கிரெமோனாவில் 1938-இல் தொடங்கிய வயலின் செய்யும் பள்ளியைப் பற்றி அவள் கண் விரியப் பேசினாள். போகட்டும், ஆனால் இங்கே இரண்டு வருஷம் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து கை பழகிய பிறகு. நம் ஊரில் இந்த வேலையைக் கடையில் உட்கார்ந்துதான் கற்கிறார்கள்.

சேருமுன் முதலாளியிடம் மூன்று விஷயம் பேச வேண்டும், நீங்கள் பேசாதீர்கள், அவளே பேசட்டும். ரிப்பேர் மேசையில் எந்த மாதத்திலிருந்து உட்கார விடுவார்கள்? டிசம்பரில் ஆறு மணிக் கச்சேரி இருக்கும் நாட்களில் ஐந்துக்கு விடுவார்களா? சம்பளம் விற்பனைக் கமிஷனை நம்பியா? மூன்றாவதில் ‘ஆமாம்’ என்றால் எனக்குப் பிடிக்காது. அவள் வீட்டில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றீர்களே. தன் மாணவனுக்கே வயலின் விற்கும்போது அரை அளவு போதுமா, முக்கால் தேவையா என்று நேர்மையாகச் சொல்ல அந்தக் கமிஷன் விடாது.

செதுக்கும் கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதை முதல் வாரமே கற்கச் சொல்லுங்கள். இடது கை விரல் நுனியில் வெட்டு பட்டால் பத்து நாள் வாசிப்புச் சாதகம் போச்சு.

ஆறு மாதம் பார்க்கலாம், அப்புறம் மறுபடி பேசுவோம். என் வயலின் இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. சேர்ந்த பிறகு எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன். அந்த வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுக்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.