நீச்சல்குளத் தளத்தில் தண்ணீர் நிற்கிறதா? மேல்பூச்சு வேண்டாம், வாட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் அப்பத்தா காலத்து வீட்டைப் பழுதுபார்த்து, விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறோம். மூன்று வருடத்துக்கு முன்பு பின்கட்டை ஒட்டிய தோட்டத்தில் நீச்சல்குளம் கட்டி, சுற்றிலும் சுமார் 600 சதுர அடிக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். ஐப்பசி மழை ஒரு மணி நேரம் அடித்தால் போதும், அடுப்படி வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அதற்கு மேல் ஏறினால் மண்ணும் வேப்பிலையுமாக நீச்சல்குளத்துக்குள் இறங்கிவிடுகிறது. இருக்கும் தளத்தின் மேலேயே கலவை போட்டு வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) கொடுத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா? மழைக்காலம் முடியும்வரை நீச்சல்குளத்தைக் காலிசெய்து வைத்தால் தொல்லை குறையுமா?

பதில்: முதலில் அந்தக் கலவை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். இப்போதே அடுப்படி வாசல்வரை தண்ணீர் வருகிறது. தளம் இன்னும் இரண்டு அங்குலம் உயர்ந்தால் படியைத் தாண்டி உள்ளே வரும். பழைய சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஈரம் ஏறிவிட்டால், தளத்துக்கு ஆகும் செலவைவிடச் சுவருக்கு ஆகும் செலவு பெரிதாகிவிடும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் தளத்தில் நேராக விழுவது 2,800 லிட்டர். பின்கட்டின் ஓட்டுச் சரிவில் 800 சதுர அடி உங்கள் தளத்தைப் பார்த்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து மட்டும் 3,700 லிட்டர் வரும். ஆக, நிற்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் கூரைத் தண்ணீராக இருக்கலாம். அதைத் தளத்தில் விழவிடாமல் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை. ஓட்டு விளிம்பில் தகரத்திலோ பி.வி.சி.யிலோ கால்வாய் கட்டி, 4 அங்குலக் குழாயில் இறக்கி, தளத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். குழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். அகலம் இரண்டு மடங்கானால் அதே வாட்டத்தில் ஓடும் தண்ணீர் ஆறு மடங்குக்கு மேல் கூடும். இரண்டு அங்குலக் குழாய் போட்டுவிட்டு, தண்ணீர் போகவில்லையே என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு தளத்தில் நில்லுங்கள். தண்ணீர் முதலில் எங்கே சேர்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, வடிகால் ஓட்டையில் சுழித்துக்கொண்டு இறங்குகிறதா, இல்லை அங்கேயே குமிழ் விட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். குமிழ் விட்டு நின்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். வேப்பிலைக் காம்பும் மணலும் சேர்ந்தால் குழாய்க்குள் இறுகிக் கெட்டியாகிவிடும். குழாய்க்கம்பி விட்டுக் குத்தி எடுத்தபின் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மழை நின்றதும் தேங்கிய தண்ணீரின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்து வையுங்கள். வெயில் வந்தபின் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, அடுப்படி வாசல், நீச்சல்குள விளிம்பு, தளத்தின் நான்கு மூலை, வடிகால் வாய் ஆகிய எல்லா இடத்திலும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுத் தாள் கையில் இல்லாமல் யார் சொல்லும் யோசனைக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் தேடச் சொல்வேன். செட்டிநாட்டு வீடுகளில் தண்ணீர் போகும் பாதை வீட்டோடு சேர்த்தே கட்டப்பட்டது. நான்கு பக்க ஓட்டுச் சரிவும் வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றத்துக்குள், இறங்கும். அங்கே அண்டாவிலும் கங்காளத்திலும் பிடித்தது போக மிஞ்சியது தரைக்கடியில் உள்ள வடிகாலில் போய், தெரு வாய்க்கால் வழியாக ஊருணியைச் சேரும். நீளவாக்கில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகும் வீடுகளில் பின்பக்கத்துக்கும் ஒரு வழி இருக்க வாய்ப்புண்டு. நீச்சல்குளம் தோண்டியபோது அந்த வழியை மண்ணோ கான்கிரீட்டோ மூடியிருக்கலாம். வளவு வடிகாலில் இரண்டு குடம் தண்ணீரில் மஞ்சள்பொடி கரைத்து ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். எங்கேயும் வரவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது. அதைத் திறந்து கொடுப்பதுதான் முதல் வேலை. புதுக் குழாயெல்லாம் அதற்கப்புறம். தெருவை மேடாக்கி மேடாக்கி இப்போது வீட்டு வடிகாலைவிட வாய்க்கால் உயரமாகிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்படியானால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும்.

இவ்வளவும் செய்தபின்னும் தண்ணீர் நின்றால், அப்போது தளத்தைத் தொடலாம். தளத்தின் வாட்டம் வீட்டைவிட்டும் விலக வேண்டும், நீச்சல்குளத்தைவிட்டும் விலக வேண்டும். இடையில் அகப்பட்ட தளத்துக்கு ஒரே வழிதான் உண்டு: இரண்டு பக்கத்திலிருந்தும் சரிந்து வந்து நடுவில் ஒரு வாய்க்காலில் சேர வேண்டும். சொரசொரப்பான கல்லுக்கு அடிக்குக் கால் அங்குலம், வழவழப்பான சிமெண்ட் தளத்துக்கு அடிக்கு அரைக்கால் அங்குலம் வாட்டம் வேண்டும். பத்தடி அகலத் தளத்தில் நடு வாய்க்கால் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஐந்தடிதான். கல் போட்டாலும் ஒன்றேகால் அங்குல இறக்கம் போதும், நடக்கும்போது காலுக்குத் தெரியாது. வாய்க்கால் நான்கு முதல் ஆறு அங்குல அகலம் இருக்கட்டும். அதற்குள்ளும் வாட்டம் வேண்டும், இதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 30 அடி நீள வாய்க்காலுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டம் கொடுத்தால், மூன்றங்குல ஆழத்தில் தொடங்கி மறுகோடியில் ஆறரை அங்குலத்துக்கு வந்துவிடும். மேலே கையால் தூக்கி எடுக்கக்கூடிய கிரேட்டிங் மூடி போடுங்கள். சிமெண்டால் ஒட்டிவிட்டால் யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். கல் பதிப்பதற்கு முன், அடித்தளக் கான்கிரீட் காய்ந்ததும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் எங்காவது நின்றால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள்.

பெயர்க்கும்போது நீச்சல்குளத்தை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண் தாழ்ந்திருப்பதைப் பார்க்க நேரிடலாம். குழி தோண்டிக் கட்டியபின் சுவருக்கு வெளியே கொட்டிய மண்ணை முறையாக இடிக்காமல் விட்டதால் வருவது இது. அதன்மேல் எத்தனை தடவை கல் பதித்தாலும் மறுபடி இறங்கும். மண்ணை எடுத்துவிட்டு, கிராவலை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு, நனைத்து, திமிசு போட்டு இடித்து மேலே வர வேண்டும். நீச்சல்குளத்தின் விளிம்புக் கல்லும் தளமும் சேரும் இடத்தில் அரை அங்குல இடைவெளி விட்டு, பாலிசல்பைடு போன்ற நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சால் நிரப்புங்கள். வெயிலில் தளம் விரியும். அங்கே சிமெண்ட் பூசினால் விரிசல் விடும், விரிசலில் தண்ணீர் இறங்கினால் அடிமண் மறுபடி கரையும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிச் சொல்லவே மனம் வலிக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகவைக்கும் சிமெண்ட் கல் அது. சுடாத கல். நிழலில், நடந்து நடந்து பளபளப்பு ஏறும் அழகு அதற்கு உண்டு. நீச்சல்குள ஓரத்தில் குளோரின் தண்ணீரும் சுத்தம் செய்ய ஊற்றும் ஆசிடும் அதன் மேல்பூச்சை அரித்துவிடும். நனைந்தால் வழுக்கவும் செய்யும், குழந்தைகள் ஓடும் இடம். கவனமாகப் பெயர்த்து எடுத்து, நல்லதாகத் தேறியதை இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் பதித்துவிட்டு, வெளியே கொத்திய முகமுள்ள கருங்கல் பலகை போடுங்கள்.

வடித்த தண்ணீரை எங்கே விடுவது? பழைய வழி கிடைத்து ஊருணிவரை திறந்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆகவே உறிஞ்சுகுழியும் எடுக்கலாம். ஆனால் குழி வெட்டுமுன் சோதனை செய்யுங்கள். நம் பக்கம் பல இடங்களில் மேலே செம்மண்ணும் கீழே கெட்டியான செம்புறாங்கல்லும் இருக்கும். ஓரடிக் குழி தோண்டி, ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே உறிஞ்சுகுழி வெறும் தொட்டிதான். இறங்கினால், வீட்டு அடித்தளத்திலிருந்தும் நீச்சல்குளத்திலிருந்தும் 10 அடிக்குக் குறையாமல் தள்ளி அமையுங்கள். மழைத்தண்ணீர்க் குழாயில் நீச்சல்குள வடிகட்டியைக் கழுவிய தண்ணீரைச் சேர்க்காதீர்கள். குளோரின் கலந்த தண்ணீர் ஊருணிக்கோ கிணற்றுக்கோ போகக் கூடாது. அதற்குத் தனிக் குழாய் வேண்டும்.

மோட்டார் அறைக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், அறைக்குள் கால் வைக்குமுன் மெயினை அணைத்துவிடுங்கள். நீச்சல்குள விளக்குக்கும் மோட்டாருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். இதில் தள்ளிப்போட ஒன்றுமில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மழைக்காலத்தில் நீச்சல்குளத்தைக் காலிசெய்யவே கூடாது. சுற்றிலும் மண் தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது அது வெளியிலிருந்து சுவரையும் அடித்தளத்தையும் தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. காலியாக இருந்தால் அடித்தளம் வெடிக்கலாம், தொட்டியே மேலே எழும்பவும் கூடும். வழக்கமான மட்டத்திலிருந்து நான்கு அங்குலம் மட்டும் இறக்கி வையுங்கள். கனமழை பெய்தால் அது மறுபடி நிறையும், நிறைந்ததும் அதே நான்கு அங்குலத்தை வடிகட்டிக் குழாய் வழியாக வெளியேற்றுங்கள். ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் இலை அள்ளி, குளோரினையும் பி.எச். அளவையும் பார்த்தபின்தான் விருந்தினர்களை இறங்க விட வேண்டும். கல் பெயர்க்கும் வேலையைத் தை பிறந்தபின் வைத்துக்கொள்ளலாம். ஓட்டு விளிம்புக் கால்வாயை இந்த வாரமே கட்டிவிடுங்கள்.