கீலாய்டு தழும்பு: உள்ளே நோய் இருப்பதற்கு அறிகுறியா?

கேள்வி: வயது 34. மார்பின் நடுவில் பரு வந்து ஆறிய இடம் தடித்து, இரண்டு வருடமாகப் பெரிதாகிக்கொண்டே போகிறது. அரிக்கிறது. போன மாதம் பிபி பார்த்ததில் 150/96. “கீலாய்டு உள்நோயின் அறிகுறி, ரத்தத்தைச் சுத்தம் செய்யணும்” என்று ஓர் அழகு நிலையத்தில் சொல்லி, முழு உடல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்கின்றன, அழகு நிலையத்துக்கு அதில் பங்கில்லை.

காயம் ஆறும்போது தோல் கொலாஜன் என்ற நார்ப்பொருளை உண்டாக்கும். காயம் மூடியதும் அது நின்றுவிட வேண்டும். கீலாய்டில் நிற்பதில்லை, காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவுகிறது. மார்பு, தோள், காதுமடல் இதற்குப் பிடித்த இடங்கள். பலருக்கு இது குடும்பவாகு.

உங்கள் பிபி விஷயம் வேறு. கீலாய்டு உள்ளவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஒன்றால் மற்றது வந்தது என்று நிரூபணம் இல்லை. பிபி மாத்திரை போட்டால் தழும்பு கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பிபியைப் பார்க்காமல் விடவும் கூடாது. ஒரு தடவை பார்த்த 150/96-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, வேறு வேறு நாளில் பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் தோல் பிரிவின் பிபி கருவி அலமாரிக்குள்ளேயே கிடந்தது. கேட்டால் “அது மெடிசின் பிரிவு வேலை சார்” என்பார்கள். மெடிசின் பிரிவில் தழும்பைக் காட்டினால் “தோல் டாக்டரைப் பாருங்க.” இரண்டு நிமிட வேலைக்கு நோயாளி இரண்டு டோக்கன் எடுக்க வேண்டும்!

கரப்பான் எனப்படும் எக்சிமாவோடும் தொடர்பு சொல்கிறார்கள். உங்களுக்கு அது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

சர்க்கரை இருந்தால் மட்டும் கவனம். கீலாய்டுக்கு வழக்கமான முதல் சிகிச்சை, தழும்புக்குள்ளேயே போடும் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை போடுவோம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனி என் பெரிய கோபம். “ஒரே சிட்டிங்கில் எடுத்துடலாம்” என்பவர்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு, காது குத்திய இடத்தில் முதலில் சுண்டுவிரல் நுனியளவுதான் இருந்தது. ஒருவர் வெட்டினார், அடுத்தவர் லேசரில் பொசுக்கினார். என்னிடம் வரும்போது கட்டைவிரல் பருமன், காதுமடலையே கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கீலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ திரும்பி வரும். வெட்டுவதும் ஒரு காயம்தானே? வெட்டத்தான் வேண்டுமென்றால், கூடவே ஊசியோ கதிர்வீச்சோ திட்டமிட்டிருக்க வேண்டும். “திரும்பி வராமல் இருக்க என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தழும்பின் மேல் தடவும் காரக் களிம்புகளும் இதே ரகம்.

பரிசோதனை வேண்டாம் என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பரு வந்தது நினைவிருக்கிறது, அதனால் இது உங்களுக்கு இல்லை. ஆனால் எந்தக் காயமும் இல்லாமல் ஒரு தடிப்பு வந்து, வருடக்கணக்கில் மெதுவாகக் கெட்டிப்பட்டு, கட்டி கட்டியாக எழும்பினால், அதைக் கீலாய்டு என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. கீலாய்டு போலவே தோற்றம் காட்டும் தோல் புற்றுநோய் ஒன்று உண்டு. அபூர்வம்தான். அம்மை வடுவையும் சின்னப் பருவையும் மறந்துபோய் “காயமே இல்லை” என்பவர்கள்தான் அதிகம், அதுவும் உண்மை. இருந்தாலும் காயம் நினைவில்லாத தடிப்புக்கு ஊசி போடும் முன், சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிடுங்கள். ஊசி போட்டும் போட்டும் வளர்ந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

சரி, இப்போதைக்கு: பிபி அளவுகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். சிலிக்கோன் பட்டையைத் தழும்பின் மேல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது ஒட்டுங்கள், மாதக்கணக்கில் ஆகும். வியர்த்தால் கழற்றிக் கழுவி, காய்ந்த தோலில் திரும்ப ஒட்டலாம். அரிப்பு தாங்காவிட்டால் சொறியாமல் ஊசிக்கு நாள் கேளுங்கள். அரிப்பும் அதில் குறையும். அடுத்த முறை தோல் டாக்டரிடம் போகும்போது, பிபி குறித்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.