சோயா சாப்பிட்டால் உடல் சூடு தணியுமா?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேலாகிறது. பகலில் நாலைந்து முறை நெஞ்சிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறுகிறது. இரவில் தலையணை உறை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. சோயா சாப்பிட்டதில் தனக்கு மிகவும் குறைந்துவிட்டதாக என் அக்கா சொல்கிறார். நானும் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன்; பலன் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா, மாத்திரையாக வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: ஒரு மாதத்தில் முடிவு கட்ட வேண்டாம், பலன் தரும் உடலிலும் அது தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோன்கள், அமைப்பில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனை ஒத்திருப்பதால், அந்த ஹார்மோனுக்கான ஏற்பிகளில் (செல்களில் ஹார்மோன் பற்றிக்கொள்ளும் இடங்களில்) வலுக்குறைவாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றான டைட்சீனைக் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஈக்குவால் என்னும் வீரியம் கூடிய பொருளாக மாற்றும். அந்தப் பாக்டீரியாக்கள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஜப்பான் போன்ற நாடுகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், மேற்கத்திய நாடுகளில் அதைவிடக் குறைவானவர்களுக்குமே உண்டு. உங்கள் அக்காவுக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்காமல் போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான அலசலில், ஐசோஃப்ளேவோன் எடுத்துக்கொண்டவர்களுக்கு, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட, சூடு ஏறுவது சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. 2021இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கொழுப்பு குறைந்த சைவ உணவோடு தினமும் அரைக் கோப்பை வேகவைத்த சோயா மொச்சை சாப்பிட்ட பெண்களுக்குப் பன்னிரண்டு வாரங்களில் வியக்கத்தக்க அளவில் தணிந்தது; ஆனால் அங்கே உணவு முறையே மாறியதால், புகழ் முழுவதையும் சோயாவுக்குக் கொடுத்துவிட முடியாது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்தத் தொல்லைக்குச் சிகிச்சையாகச் சோயாவைப் பரிந்துரைக்கவில்லை. போலி மாத்திரை விழுங்கியவர்களிலேயே கணிசமானோர் தேறிவிடுகிறார்கள் என்பதால், இதில் யார் சொல்லும் அனுபவத்தையும் (அக்காவே சொன்னாலும்) சற்றுத் தள்ளி நின்றுதான் கேட்க வேண்டும்.

ஆகவே, இன்னும் இரண்டு மாதம் உணவாகவே சாப்பிடுங்கள். தினமும் ஒரு வேளை டோஃபு (சோயா பனீர்) அல்லது வேகவைத்த சோயா, ஒரு கோப்பை சோயா பால் என்பது போதுமான அளவு. சோயா எண்ணெயிலும் சோயா சாஸிலும் ஐசோஃப்ளேவோன் இல்லை என்றே சொல்லலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு, சூடு ஏறும்போதெல்லாம் ஒரு கோடு இழுத்து, தூக்கம் கலைந்த இரவுகளுக்குத் தனிக் குறி வையுங்கள். நினைவை நம்புவதைவிட இது மேல். எண்ணிக்கை குறையவில்லை என்றால் அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் சிகிச்சை உட்பட இதைவிடத் திடமான வழிகள் உண்டு. சோயா மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். சோயா பால் குடிக்கலாமா?

பதில்: குடிக்கலாம், ஆனால் மாத்திரையோடு சேர்த்து வேண்டாம், தைராய்டு மாத்திரையில் உள்ள லெவோதைராக்ஸின் உடலில் சேர்வதைச் சோயா குறைத்துவிடும். வெறும் வயிற்றில் மாத்திரையை எடுத்து, சில மணி நேரம் கழித்துச் சோயா பாலைக் குடியுங்கள். இது புதிய பழக்கம் என்றால் மருத்துவரிடம் சொல்லி, சில வாரங்களில் இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.