மரக்குதிரை எங்கே போயிற்று? கிரேக்கக் காவியங்கள் கேள்வி பதில்

கேள்வி: சார், ஹோமரின் இலியட்டை ஒருவழியாக முடித்துவிட்டேன். கிரேக்க வீரர்கள் உள்ளே ஒளிந்துபோய் டிராய் நகரைப் பிடித்த மரக்குதிரையைக் காணோமே! என் பிரதியில் விட்டுப்போயிற்றா?

பதில்: விட்டுப்போகவில்லை. டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு இலியட் முடிகிறது; டிராய் இன்னும் விழவே இல்லை. பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள்தான் கதை. குதிரை வருவது ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில். எட்டாம் காண்டத்தில், யாரென்று சொல்லிக்கொள்ளாமல் விருந்தில் இருக்கும் அதன் நாயகன் ஒடிசியஸ், பார்வையற்ற பாடகர் டெமோடோகஸிடம் அந்தக் கதையைத் தானே கேட்டுப் பாடவைக்கிறான். கேட்டதும் தாங்காமல் அழுகிறான். விரிவாக வேண்டுமானால் லத்தீனுக்குத்தான் போகவேண்டும், ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட், இரண்டாம் காண்டம்.

கேள்வி: கிரேக்க மாவீரன் அக்கிலீஸின் ஒரே பலவீனமான குதிகால்?

பதில்: அதுவும் இலியட்டில் கிடையாது. 21ஆம் காண்டத்தில் ஓர் ஈட்டி உரசி அவன் வலக்கையில் ரத்தமே வருகிறது. ஆயுதம் துளைக்காத உடம்பெல்லாம் பிற்காலக் கதை.

கேள்வி: ஐயா, இலியட், ஒடிசி இரண்டில் எது உசத்தி?

பதில்: என் ஓட்டு இலியட்டுக்கு, அதன் கடைசிக் காண்டத்துக்காக. அக்கிலீஸ் கொன்ற தன் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, டிராயின் கிழ மன்னர் பிரியாம் இரவோடு இரவாக எதிரியின் பாசறைக்கு வருகிறார். அக்கிலீஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கொன்ற அதே கைகளை முத்தமிடுகிறார். அக்கிலீஸுக்கு ஊரில் இருக்கும் அப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. இருவரும் அழுது ஓய்ந்தபின், "சாப்பிடுங்கள்" என்கிறான்.

ஆனால் ஒடிசி கட்சிக்காரர்களிடமும் ஒரு துருப்புச்சீட்டு உண்டு. 11ஆம் காண்டத்தில் இறந்தோர் உலகில் அக்கிலீஸைப் பார்க்கிறான் ஒடிசியஸ். செத்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு நிற்பதே மேல் என்கிறான் அவன். புகழுக்காக ஆயுளையே விட்டவன் பேசும் பேச்சா இது!

கேள்வி: ஹோமரோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பதில்: கிரேக்கக் கவிஞர் அப்பொலோனியஸின் ஆர்கோனாட்டிக்காவைப் பாருங்கள், பொன் ஆட்டுத்தோலைத் தேடிப்போகும் கதை. கி.மு. 3ஆம் நூற்றாண்டு, நான்கே காண்டங்கள். நாயகன் ஜேசன் அடிக்கடி கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். அவன்மேல் காதல்கொள்ளும் இளவரசி, மூன்றாம் காண்டத்து மீடியாதான் காவியத்தைத் தூக்கி நிறுத்துகிறாள். செத்துவிடலாம் என்று நள்ளிரவில் நச்சு மருந்துப் பெட்டியை மடியில் வைத்துத் திறக்கப்போகிறவள், உயிர்மேல் ஆசை வந்து அதை ஒதுக்கிவைக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: இலியட் இரண்டாம் காண்டத்தில் கிரேக்கர்களின் கப்பல் பட்டியல் முடியவே மாட்டேன் என்கிறது. தாண்டலாமா சார்?

பதில்: 29 படைப்பிரிவுகள், 1,186 கப்பல்கள். முதல் தடவைதானே, தாராளமாகத் தாண்டுங்கள்.