பழைய ரிசீவரின் பவர் சுவிட்ச்: ரிலே வைக்கலாமா?

வணக்கம். உங்கள் பழைய ஆடியோ ரிசீவரை ஆன் செய்யும்போது பவர் சுவிட்சுக்குள் பொறி பறக்கிறது, சில சமயம் இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் உயிர் வருகிறது, ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். அச்சு அசலாக அதே சுவிட்ச் கிடைப்பது குதிரைக்கொம்பு, இருப்பதைக் காப்பாற்றுவதே மேல்.

ஒன்று கவனியுங்கள். ரிலேயை இயக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கு வேண்டிய மின்சாரத்தை ரிசீவரின் டிரான்ஸ்பார்மரிலிருந்து எடுக்க முடியாது. ரிலே இணைப்புக் கொடுத்தால்தானே டிரான்ஸ்பார்மருக்கே சப்ளை! தனியாக ஒரு குட்டி 12 வோல்ட் டிசி சப்ளை போடுங்கள். பழைய சுவிட்ச் அந்தக் குட்டியை மட்டும் இயக்கட்டும். காயில் அணையும்போது எழும் மின்னழுத்த உதையை அடக்க, அதற்குக் குறுக்கே 1என்4007 டையோடு, கேத்தோடு (கோடு போட்ட முனை) பிளஸ் பக்கம். எல்லாமே ஃபியூஸுக்குப் பிறகுதான் வர வேண்டும்.

பொறிக்கு முக்கியக் காரணம், காலியாக இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களும் டிரான்ஸ்பார்மரும் முதல் நொடியில் இழுக்கும் கரண்ட். ரிலே வந்தால் அந்த அடி அதன் காண்டாக்டுக்கு (உள்ளே தொட்டு இணையும் முனைகளுக்கு) மாறும், அவ்வளவுதான். அதனால் டிரான்ஸ்பார்மர் பிரைமரியில் (மெயின்ஸ் வரும் பக்கம்) தொடராக ஒரு என்டிசி தெர்மிஸ்டர் (குளிர்ந்திருந்தால் தடை அதிகமாகவும், சூடேறினால் குறைவாகவும் இருக்கும் ரெசிஸ்டர்) சேருங்கள்; குளிர்ந்த நிலையில் 10 ஓம், 5 ஆம்பியர் தாங்குவது பெரும்பாலான ரிசீவர்களுக்குப் போதும். அது நன்றாகச் சூடேறும், ஒயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். அணைத்த உடனே மறுபடி ஆன் செய்தால் அது சூடாகவே இருக்கும், பலன் தராது.

சுவிட்சுக்குக் குறுக்கே பழைய 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு, எக்ஸ்2 முத்திரையுள்ள (மெயின்ஸில் போடுவதற்கென்றே செய்த பாதுகாப்பு ரகம்) 275 வோல்ட் ஏசி கெபாசிட்டரை ரிலே காண்டாக்டுக்குக் குறுக்கே போடுங்கள். பின்பக்க ஏசி அவுட்லெட்டில் எதையும் செருகாதீர்கள், அந்தச் சுமையும் பெரும்பாலும் இதே சுவிட்ச் வழியாகத்தான் போகும்.

பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெபாசிட்டர்களை ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்த பிறகே கை வையுங்கள். முதல் தடவை தொடராக ஒரு குண்டு பல்பு போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் சரி, பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.