‘போய்ச் சேரு’ என்று தூண்டுவது கருத்துச் சுதந்திரமா?

கேள்வி: வக்கீல் சார், என் தம்பிக்கு 17 வயது. டெலிகிராமில் முகம் தெரியாத ஒருவன் மாதக்கணக்கில் அவனிடம் ‘நீ இருந்து என்ன பிரயோஜனம், போய்ச் சேரு’ என்று தூண்டியிருக்கிறான். பேச்சை நிறுத்தினால், நம்பிச் சொன்ன ரகசியத்தையெல்லாம் ஸ்கூலில் பரப்புவேன் என்று மிரட்டல் வேறு. தம்பி தற்கொலைக்கு முயன்று, பிழைத்துவிட்டான். நான் கேட்டதற்கு அந்த ஆள் ‘அது என் கருத்துச் சுதந்திரம்’ என்கிறான். அப்பா போனை ஃபார்மேட் பண்ணச் சொல்கிறார். என்ன செய்வது? – வாசகி, வேளச்சேரி

பதில்: முதலில் அந்த போனை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஃபார்மேட் பண்ணினால் கேஸே போச்சு. டெலிகிராமில் எதிராளி நினைத்தால் உங்கள் பக்கத்துச் சாட்டையும் சேர்த்து அழிக்க முடியும், அதனால் இன்றைக்கே இன்னொரு போனில், அவனுடைய புரொஃபைல் பக்கத்தில் தொடங்கி, தேதியும் நேரமும் தெரிய மெதுவாக நகர்த்தி முழுதையும் வீடியோ எடுங்கள். கோர்ட்டில் இதற்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள், ஒரிஜினல் போன் கையில் இருந்தால் பாதி தலைவலி இல்லை.

கருத்துச் சுதந்திரக் கதைக்கு வருவோம். 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம், அது எத்தனை பேருக்குப் பிடிக்காவிட்டாலும் சரி, தூண்டுதலாக மாறும்போதுதான் சட்டம் கை வைக்கலாம். கருணைக்கொலை வேண்டும் என்று எழுதுகிறவரையோ, வாழப் பிடிக்கவில்லை என்று புலம்புகிறவரையோ யாரும் பிடித்து உள்ளே போட முடியாது. சண்டையில் வாய் தவறி ‘போய்ச் சாவு’ என்று சொல்வதும் தூண்டுதல் ஆகாது, 2002-ல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஒரு பையனைக் குறிவைத்து மாதக்கணக்கில் ஓதுவது வாய் தவறியதா என்ன?

சிக்கல் வேறு இடத்தில். தற்கொலைக்குத் தூண்டியதற்கான பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 108-ம், 18 வயதுக்குக் கீழே என்றால் தூக்குவரை போகும் 107-ம், உயிர் போயிருந்தால்தான் பொருந்தும். ‘தூண்ட முயன்றதாக’ போடலாமே என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். இதே குற்றத்துக்கான பழைய ஐ.பி.சி. 306 விஷயத்தில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, நம்பிப் போகாதீர்கள். உங்களுக்குப் பிடிமானம் அந்த மிரட்டல்தான். மானத்தை வாங்குவேன் என்று பயமுறுத்துவதும் பிரிவு 351-ல் குற்ற மிரட்டல், அடையாளத்தை மறைத்துச் செய்திருந்தால் மேலும் 2 ஆண்டு வரை சேரும். புகாரில் அந்த மெசேஜ்களை அப்படியே எடுத்து எழுதுங்கள், ‘மன உளைச்சல் கொடுத்தான்’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

தம்பி மேல் கேஸ் வருமோ என்று அப்பா பயப்படுகிறார் போல. தற்கொலைக்கு முயல்வதையே குற்றமாக்கிய பழைய ஐ.பி.சி. 309 பி.என்.எஸ்.-ஸில் இல்லை, மனநலச் சட்டம் 2017-ம் அவனுக்குப் பாதுகாப்பு. அவனைத் தனியாக விடாதீர்கள், டாக்டரிடம் தொடர்ந்து காட்டுங்கள். ராத்திரி நேரமானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-ல் பேசலாம், நம்ம ஊர் தற்கொலைத் தடுப்பு மையம் சினேகாவின் எண் 044-24640050.

புகாரை வேளச்சேரி ஸ்டேஷனிலோ, வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் சைபர் கிரைமிலோ கொடுங்கள். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். போடவில்லை என்றால் துணை கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் மனு போட அது வேண்டும்.