கிரீன் டீயும் இரும்பு மாத்திரையும்

கேள்வி: என் வயது 44. பள்ளி ஆசிரியை. எடை 76 கிலோ. உடம்பு இளைக்கும் என்று நாலு மாதமாகத் தினம் ஐந்து கப் கிரீன் டீ குடிக்கிறேன். கசப்புத் தெரியாமல் இருக்கக் கப்புக்கு ஒரு பெரிய ஸ்பூன் தேன். அரைக் கிலோகூடக் குறையவில்லை. ஹீமோகுளோபின் 9.1 இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் காலையில் அந்த டீயோடுதான் போட்டுக்கொள்கிறேன். உதிரப்போக்கு அதிகம், எப்போதும் அசதி. இப்போது என் தங்கை கிரீன் டீ கேப்சூல் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறாள். சீனாவில் ஐயாயிரம் வருடமாக மருந்தாகக் குடிக்கிறார்களாம். சாப்பிடலாமா டாக்டர்?

பதில்: கேப்சூல் பாட்டிலைத் திறக்காமல் வையுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். அதைவிட அவசரம் உங்கள் காலை மாத்திரை.

டீ குடித்ததும் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இருக்கிறதே, அந்தத் துவர்ப்பைத் தரும் கேட்டகின் வகைப் பொருள்கள் குடலில் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இரும்பு ரத்தத்துக்குப் போகாது, மலத்தோடு வெளியேறிவிடும். கீரை, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றிலிருந்து வரும் இரும்புக்கும் மாத்திரை இரும்புக்கும் இதே கதிதான். இறைச்சியில் இருக்கும் இரும்பு ஓரளவு தப்பிக்கும்.

சில வருடங்களுக்கு முன் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா என்னிடம் வந்துகொண்டிருந்தார். மூன்று மாதம் மாத்திரையை மாற்றி மாற்றி எழுதியும் ஹீமோகுளோபின் நகரவில்லை. ஒரு நாள் என் அறையிலேயே பையிலிருந்து சின்ன பிளாஸ்கை எடுத்தார். "மறந்துட்டேன் டாக்டர்" என்று மூடியில் டீயை ஊற்றி மாத்திரையை விழுங்கினார். எதோடு விழுங்குகிறீர்கள் என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

நாளையிலிருந்து மாத்திரையைத் தண்ணீரிலோ, சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாற்றிலோ விழுங்குங்கள். டீ, அது எந்த நிறமானாலும், இரண்டு மணி நேரம் தள்ளி. சாப்பாட்டுக்குப் பிறகும் டீ குடிக்க ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

இன்னொன்று. அசதி, இறங்காத எடை, அதிக உதிரப்போக்கு மூன்றும் சேர்ந்து 44 வயதில் வந்தால் நான் தைராய்டைப் பார்க்காமல் விடமாட்டேன். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கர்ப்பப்பைக்கு ஒரு ஸ்கேன் எல்லாம் எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கட்டி இருந்து ரத்தம் போய்க்கொண்டே இருந்தால், எவ்வளவு மாத்திரை விழுங்கினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இனி தங்கையின் ஐயாயிரம் வருடம். அது ஷென் நோங் என்ற புராண அரசனின் கதை. கி.மு. 2737இல் அவன் காய்ச்சிய வெந்நீரில் காற்றடித்து இலை விழுந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணைத் தோண்டிக் கிடைத்த பழைய சான்றுகளில் ஒன்று, கி.மு. 141இல் இறந்த ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறையில், இன்றைய ஷியான் நகருக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே புதைத்த இலைகள் தேயிலைதான் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம். அதுவே போதாதா?

மருந்து என்ற பெயரை அதற்கு அழுத்தமாகக் கொடுத்தவர்களில் ஒருவர் ஜப்பானியத் துறவி ஐசாய். 1191இல் சீனாவிலிருந்து திரும்பும்போது தேயிலை விதையோடு வந்தவர். ஐந்து உறுப்புக்கு ஐந்து சுவை, இதயத்துக்கு உரியது கசப்பு, நம் சாப்பாட்டில் கசப்பு இல்லை, ஆகவே டீ குடியுங்கள் என்று 1211இல் ஒரு நூலே எழுதினார். 1214இல் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர், ஷோகுன் சனெத்தொமோ, முந்தின இரவுக் குடியின் தலைவலியில் கிடந்தபோது, ஐசாய் டீயையும் அந்த நூலையும் கொடுத்தார் என்று ஷோகுன் ஆட்சியின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பெரிய இடத்து ஹேங்ஓவரில் டீக்குக் கிடைத்த விளம்பரம் அது!

பலர் நினைப்பதுபோல் கிரீன் டீ தனிச் செடி இல்லை. நம் கடை டீயும் அதுவும் ஒரே செடியின் இலை. பறித்த இலையைக் கசக்கிக் காற்றில் விட்டால் உள்ளே இருக்கும் நொதி வேலை செய்து இலை கறுக்கும், அது சாதா டீ. ஜப்பானில் ஆவி காட்டியோ, சீனாவில் சட்டியில் வறுத்தோ அந்த நொதியை முதலிலேயே அடக்கிவிட்டால் பச்சை நிற்கும், கேட்டகின்களும் மிஞ்சும். இந்த விஷயமே மேற்கு நாட்டவருக்கு 1840களில்தான் உறுதியாயிற்று. ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீன உடையில் தோட்டங்களுக்குள் புகுந்து பார்த்தார். அங்கே தொழிலாளிகளின் விரல் நீலமாக இருந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு இலை பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கும் என்று பிரஷ்யன் நீலச் சாயமும் ஜிப்சமும் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'இயற்கை' என்று அச்சடித்த பொட்டலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள் ஞாபகம் வரும்.

எடைக்கு வருவோம். கேட்டகினும் கஃபீனும் சேர்ந்து உடம்பு எரிக்கும் சக்தியைக் கொஞ்சம் கூட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் தராசில் தெரிகிற அளவுக்கு இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2012இல் வெளியிட்ட மதிப்பீடு, கிடைத்த எடைக் குறைவு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்றே முடித்தது. கிரீன் டீக்கு மாறி இளைத்தவர்கள் பெரும்பாலும் பால், சர்க்கரை போட்ட டீயை நிறுத்தியதால் இளைத்தவர்கள். நீங்கள் நிறுத்திய சர்க்கரையைத் தேன் வழியாகத் திரும்பக் கூப்பிட்டுவிட்டீர்கள். ஒரு பெரிய ஸ்பூன் தேனில் ஏறத்தாழ 60 கலோரி, ஐந்து கப்புக்கு 300. தினம் ஐந்து இட்லி கூடுதலாகச் சாப்பிட்ட கணக்கு!

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது. கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் சிறிதளவு இறங்குகின்றன. ஜப்பானின் ஒசாகி பகுதியில் 40,530 பேரைப் 11 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. தினம் ஐந்து கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களிடம், ஒரு கப்புக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட மொத்த மரணம் ஆண்களில் 12 சதவீதம், பெண்களில் 23 சதவீதம் குறைவு. இதய நோயால் வரும் மரணத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. புற்றுநோய் மரணத்தில் தெரியவில்லை. ஆனால் இது பார்த்து எழுதிய ஆய்வு, டீயைக் கொடுத்துச் சோதித்தது இல்லை. நிறையக் கிரீன் டீ குடிப்பவரின் சாப்பாடும் நடையும் வேறாக இருந்திருக்கலாம். ஆகவே புற்றுநோயைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் குடிக்க வேண்டாம்.

பிடித்தால் குடியுங்கள், தேனில்லாமல். கசப்பு டீயின் குற்றம் இல்லை, நாம் போடும் முறையின் குற்றம். நம் வீட்டில் அதையும் சாதா டீ மாதிரி தளதளவென்று கொதிக்க விடுகிறோம். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு இலையில் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். டீ பேக்கைப் பிழியாதீர்கள். வெளிர் மஞ்சளாக, லேசான கீரை வாசத்தோடு வரும். நன்றாக ஆற்றிக் குடியுங்கள். 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். மாலை நாலு மணிக்கு மேல் குடித்தால் கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும். உங்களுக்கு இரண்டு மூன்று கப் போதும்.

இப்போது கேப்சூல். ஒரு கப் டீயில் இருப்பதை வைத்து அதை எடை போடாதீர்கள். கேட்டகின்களில் முக்கியமான இ.ஜி.சி.ஜி.யை இலையிலிருந்து பிழிந்து செறிவாக்கி அடைத்தது அது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் பரிசீலித்தபோது, கேப்சூல் போன்ற வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டவர்களின் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் உயர்வதைக் கண்டது. அபூர்வமாகச் சிலருக்கு அதற்குக் குறைந்த அளவிலேயே கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. இளைப்பதற்காகப் பட்டினி கிடந்து வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் அளவு இன்னும் ஏறும். ரத்தசோகைக்காரருக்கு அந்த ஆபத்து எதற்கு?

ரத்த அழுத்தத்துக்கு நாடலால் சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால், கிரீன் டீ அந்த மருந்து உடம்பில் சேர்வதைப் பெருமளவு குறைக்கும் என்று சொல்லிவையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிரீன் டீயை ஆரம்பிக்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது. கர்ப்பிணிகள் காபி, டீ எல்லாவற்றையும் சேர்த்துக் கஃபீன் 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

ஒருவேளை ஏற்கெனவே சில கேப்சூல் விழுங்கியிருந்தால், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, கண் மஞ்சளாகிறதா, காரணமில்லாமல் உடம்பு அரிக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள், போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.